முப்பத்தாறு பொட்டு

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் தருகிறோம் என்று மூன்று தேர்தலுக்குக் கம்பக்குழி வெட்டினார்கள். வெட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல ஆழமான குழிகள். கம்பம்தான் வரவில்லை. முதல் குழியில் நான் வாழை வைத்தேன். இரண்டாவதில் பக்கத்து வீட்டு ராசம்மாவின் ஆடு விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. மூன்றாவதில் தவளைகள் குடியிருக்கின்றன.

நாங்கள் இருப்பது கொட்டகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில், பஸ் ரோட்டை ஒட்டி. லயத்து வரிசை வீட்டை விட்டு வந்து ஏழு பேர்ச் காணியில் நாங்களே கட்டிய வீடு. என் புருஷன் அழகுமுத்து இதை யாரிடம் சொன்னாலும் ‘சொந்த வீடு’ என்பதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். முப்பது வருஷம் பேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர்களைப் பார்த்துக்கொண்டவர். போன வருஷம்தான் ஓய்வு. மிஷினைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இதையும் அவரேதான் சொல்வார்.

நான் நாகலெட்சுமி. பகலில் கொழுந்து எடுக்கிறேன், பொழுது சாய்ந்தால் தையல். தீபாவளி வந்தால் மேல்கணக்குப் பெண்கள் பாதிப்பேருக்கு நான்தான் ஜாக்கெட் தைக்க வேண்டும். மலையிலிருந்து வீடு வந்து சேரும்போதே இருட்டிவிடும். குப்பி விளக்கை மிஷினில் வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதற்குள் என் பாதி ஆயுள் போய்விடும். இதில் போன தீபாவளிக்கு ராசம்மாவின் பச்சை ஜாக்கெட்டை நீல நூலில் தைத்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் கறுப்பாகத்தான் தெரிந்தன. அவள் கோயிலில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். சாமி கும்பிட்டதைவிடக் கை தூக்கியதுதான் அதிகம். இந்தத் தீபாவளியும் அப்படி ஆனால் எல்லோரும் கொட்டகலை டெய்லரிடம் போய்விடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கண் போகிற பயம் ஒரு பக்கம், பேர் போகிற பயம் ஒரு பக்கம்.

அப்போதுதான் கொட்டகலையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் இம்தியாஸ் நானா சோலார் கொண்டுவந்தார். கூரைமேல் ஒரு கண்ணாடிப் பலகை, கீழே ஒரு பேட்டரி, சுவரில் ஒரு சின்னப் பெட்டி, நாலு பல்பு. பெட்டியில் பச்சை எரிந்தால் கரண்ட் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்துவிடும். இவ்வளவுதான் விஷயம்.

“மொத பல்பு ஒன் தையல் மிஷினுக்கு மேலதான் லெட்சுமி” என்று மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னார் என் புருஷன். நானும் நம்பி என் தையல் காசை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் பல்பு கேட்டுக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு மதில் கிடையாது, வேலி கிடையாது, ஒரு கேட் மட்டும் தனியாக நிற்கும். ஹட்டன் பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமே! இரண்டாவது பல்பு முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணைக்கு. மூன்றாவது மாரியம்மனுக்கு, அவளிடம் நான் சண்டைக்குப் போக முடியுமா? நாலாவதுதான் எனக்கு. அதுவும் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்ட பிறகு வந்தது.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. அந்த வெள்ளை வெளிச்சம் துணிமேல் விழுந்த முதல் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீலம் நீலமாகவும் கறுப்பு கறுப்பாகவும் தெரிந்தது. நூல் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு கண்டாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வாரம் ராணி மாதிரி தைத்தேன்.

அப்புறம் ஆயுதபூசை வந்தது.

பேக்டரியில் ஆயுதபூசை என்றால் ஒவ்வொரு ரோலருக்கும் விபூதிப் பட்டை அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போடுவார்கள். முப்பது வருஷமாக அந்தப் பொட்டை வைத்தது என் புருஷனின் கைதான். இந்த வருஷம் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இவரை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பத்து மணிவரை இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. பிறகு எழுந்து, “நம்ம வீட்டுலயும் மிஷின் இருக்குல்ல?” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு கூரை உயரத்துக்கு நிற்கும். அதில் ஏறினால் சோலார் பலகை கைக்கெட்டும். சந்தனக் கிண்ணத்தோடு ஏறி, அலங்காரம் பண்ணிவிட்டு இறங்கினார். மத்தியானம் பெய்த மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போனது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பேக்டரிக்குள் மழை பெய்யாது. அதனால் இப்படி ஒரு அவமானத்தை அவர் பார்த்ததில்லை. நேராகக் கோயிலுக்குப் போனார். கோபுரத்துக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்டை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று டின்னாக வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பலகையில் முப்பத்தாறு கட்டம். கட்டத்துக்கு ஒன்றாக மஞ்சளில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டம், நடுவில் சிவப்பு. ஒரு கட்டத்தைக்கூட விட்டுவைக்க மனசு கேட்கவில்லை. அதற்கு மேலே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வெள்ளையில் மூன்று பட்டை.

“கண்ணாடிய மறைக்காதுங்களா?” என்று கீழேயிருந்து கேட்டேன்.

“முப்பது வருசமா ரோலருக்குப் பொட்டு வச்சிருக்கேன். எந்த ரோலராவது நின்னுருக்கா?”

நின்றதில்லை. அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை பெட்டியில் சிவப்பு எரிந்தது. நான் அப்போதுதான் ஒரு கைக்குத் தையல் போட ஆரம்பித்திருந்தேன்.

“லெட்சுமி, ஒன்னோடத அணைச்சிரு” என்றார். “ஏழு மணி பஸ்ஸு போகட்டும்.”

மாரியம்மன் பல்பையும் அணைத்தார், இஸ்தோப்பையும் அணைத்தார், கேட்டை மட்டும் விட்டார். ஏழு மணி பஸ்ஸில் வந்தவர்கள் எங்கள் கேட்டை நன்றாகப் பார்த்திருப்பார்கள். நான் உள்ளே குப்பி விளக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளும் சிவப்பு. அதற்கு அடுத்த நாளும். காற்சட்டை இடுப்பைப் பெரிதாக்க வந்த நடராசா மாஸ்டரிடம் என் புருஷன் விஷயத்தைச் சொன்னார். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே அரைமணி நேரம் விளக்கினார்.

“இது மூடுபனியாலதான் பாருங்கோ. ஐப்பசியில சூரியன்ர கோணமும் சரிஞ்சு போகுது. உதுக்கு நீங்கள் ஒண்டும் செய்ய ஏலாது.”

“மேல ஏறி ஒரு தடவ பாருங்க மாஸ்டர்” என்றேன்.

“பாக்கத் தேவையில்லைப் பிள்ளை. இது விஞ்ஞானம்” என்று இன்னொரு மாரி பிஸ்கட்டை எடுத்தார்.

என் புருஷனுக்கு விஞ்ஞானம் போதவில்லை. அவர் கண்டுபிடித்தது கண்ணூறு. ராசம்மா தினமும் கேட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாளாம்; பஸ்ஸில் போகிறவனெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறானாம். பார்க்கத்தானே பல்பு போட்டீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பெரிய பூசணிக்காய் ஒன்றில் மீசையும் பல்லும் வரைந்து, மண்மேட்டில் ஒரு மூங்கிலை நட்டு, சரியாகச் சோலார் பலகைக்கு நேர் மேலே தொங்கவிட்டார். கண்ணூறு விழுகிற இடத்தில்தானே காய் இருக்க வேண்டும்? அன்றிலிருந்து கேட் பல்புகூட இருபது நிமிஷத்துக்கு மேல் எரியவில்லை.

தீபாவளிக்கு எட்டு நாள். பத்தொன்பது ஜாக்கெட் வெட்டி வைத்தபடி கிடந்தது. தைத்த இரண்டில் ஒன்றுக்குக் கையை மாற்றி வைத்துவிட்டு, பிரித்துக்கொண்டிருந்தேன். இம்தியாஸ் நானாவுக்கு நானே ஆள் சொல்லி அனுப்பினேன்.

நானா வந்தார். பேட்டரியைத் திறந்து தண்ணீர் பார்த்தார், வயரை இழுத்துப் பார்த்தார். பிறகு மண்மேட்டில் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முப்பத்தாறு பொட்டையும் பார்த்தபடி நின்றார். மீசை வைத்த பூசணிக்காய் அவரைப் பார்த்தபடி தொங்கியது.

“என்னா நானா, கோளாறு எங்க இருக்கு?” என்றார் என் புருஷன் கீழேயிருந்து.

நானா தொண்டையைச் செருமினார். “பேட்டரி நல்லா ஈக்குது அண்ணே. வயரும் நல்லா ஈக்குது.”

“அப்ப?”

“அப்ப... பார்ப்போம் அண்ணே. வெயில் வரட்டும்.”

வெயில் அவர் மண்டையில் அடித்துக்கொண்டிருந்தது.

வழியனுப்ப நான் கேட்டுவரை போனேன். நானா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். “அக்கா, நான் வேற மார்க்கக்காரன். சாமி விஷயத்துல நான் வாயத் தொறந்தா பிழையாப் பெய்த்திரும். அண்ணன் மனசு நோகும். ஆனா அந்தக் கண்ணாடிக்கு வெயில் சாப்பாடு மாதிரி. நீங்க வாயக் கட்டிப் போட்டுட்டு சோறு போடுறீங்க. இதுக்கு மேல என்னக் கேக்காதீங்க.” இப்படிச் சொல்லிவிட்டு, யாரோ துரத்துகிற மாதிரி சைக்கிளை மிதித்தார்.

எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. ஏறிப் பார்க்காத மாஸ்டர்மேல், பார்த்தும் சொல்லாத நானாமேல், கேட் பல்புமேல். எல்லோரையும்விட என்மேல்தான் அதிகம். அன்றைக்கே கேட்டேனே, மறைக்காதா என்று! ரோலர் நிற்கவில்லை என்றதும் நானும்தானே அடங்கிப்போனேன்?

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கோயில் கூட்டத்துக்குப் போனார். குப்பி விளக்குக்கு வாங்கிய மண்ணெண்ணெய்ப் போத்தலையும், வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளையும், தையல் பிரிக்கிற பிளேடையும் எடுத்துக்கொண்டு மண்மேட்டில் ஏறினேன். “தாயே, என்னைக் கோவிச்சுக்காத. நீயும் இருட்டுலதான இருக்க” என்று சொல்லிக்கொண்டு முதல் பொட்டில் கையை வைத்தேன். பொட்டை அழிக்கிற வேலை எந்தப் பெண்ணுக்குத்தான் லேசில் வரும்? பத்தாவது பொட்டுக்குப் பிறகு தயக்கம் போய்விட்டது. இருபதுக்குப் பிறகு ஏறத்தாழ சந்தோஷமாகவே இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, பிளேடால் கண்ணாடி கீறாமல் வழித்து, துணியால் துடைத்தேன். முப்பத்தாறும் போனது. மூன்று பட்டையும் போனது. மனசு கேட்காமல், பலகையைச் சுற்றியிருந்த அலுமினியச் சட்டத்தில் மட்டும் சந்தனத்தால் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். மூங்கிலைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டேன். பூசணிக்காய் இப்போது அடுப்பு எரிகிற குசினிக் கூரையைக் காவல் காத்தது.

அன்றும் திங்கட்கிழமையும் நல்ல வெயில். திங்கட்கிழமை நான் மலையிலிருந்து வந்தபோது பெட்டியில் பச்சை. நாலு பல்பும் பளீரென்று எரிந்தன. இஸ்தோப்பில் கூட்டம்.

“பூசணிக்கா வேல செய்ய நாளெடுக்கும். பொறுமை வேணும்” என்று என் புருஷன் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்கண்ணே வாங்குனீங்க?” என்று ராசம்மா கேட்டாள். அவள் வீட்டில் சோலாரே கிடையாது.

காற்சட்டையை வாங்க வந்த நடராசா மாஸ்டர், “நான் சொன்னனான்தானே, மூடுபனி விலகினாச் சரிவரும் எண்டு” என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

நான் மிஷினில் போய் உட்கார்ந்தேன். வெட்டி வைத்த ஜாக்கெட்டுகள் எனக்காகக் காத்திருந்தன. என் புருஷன் கூட்டத்தை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார், என் பல்பையும் காட்ட.

“பாருங்க, எப்பிடி எரியுதுன்னு! ஊசிக் காதுகூடத் தெரியும். லெட்சுமி, கோத்துக் காட்டு.”

ஊசியைத் தூக்கிப் பிடித்தேன். அந்த வெளிச்சத்தில் ஊசிக் காது தெரிந்தது. நூல் தெரிந்தது. என் பத்து நகத்தின் இடுக்கிலும் சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாத மஞ்சள் பெயின்டும் தெரிந்தது.

அவர் என் விரலையே பார்த்தார். நான் கையை மறைக்கவில்லை. பெயின்ட் அடித்த மனுஷனுக்கு அந்த மஞ்சள் எந்த டின் மஞ்சள் என்று தெரியாதா? இன்னும் வாயில் பாதிப் பூசணிக்காய்ப் பெருமை மிச்சம் இருந்தது, அதை முழுங்கிவிட்டார்.

“சரி சரி, அவ வேல பாக்கட்டும்” என்று எல்லோரையும் அனுப்பினார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்; மண்மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. பூசை நாளில் வெளுத்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. என்ன சத்தம் போடப் போகிறாரோ என்று காத்திருந்தேன். கேட் பல்பு அணைந்தது. சிவப்பு எரிகிறதா என்று பார்த்தேன், இல்லை, பச்சைதான். கொஞ்ச நேரத்தில் கேட் பல்பை வயரோடு சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“கேட்டுல இருந்தா பஸ்ஸுல போறவன் கண்ணு படுது” என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

“ஆமாங்க, படும்.”

ஸ்டூலைப் போட்டு ஏறி, என் மிஷினுக்கு மேலே என் பல்புக்குப் பக்கத்தில் அதையும் மாட்டினார். முட்டி வலியில் முனகிக்கொண்டே இறங்கினார். ஸ்டூலை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

“அடுத்த ஆயுதபூசைக்கு, அந்த சட்டத்துல மட்டும் பொட்டு வச்சா போதுமில்ல?”

“தாராளமாப் போதுங்க” என்றேன். “அதுவும் நீங்கதான் வைக்கணும்.”

ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனார். நான் ராசம்மாவின் இந்த வருஷத்துப் பச்சை ஜாக்கெட்டை எடுத்து மிஷினில் வைத்து, பச்சை நூலைத் தேடி எடுத்தேன்.