வண்டியே வராத சாலை

“சரி, ஹாரன் எதுக்கு அடிச்சேள்?”

“ஆடு குறுக்க வந்ததும்மா.”

“ஆடு எனக்கு முன்னாடி வந்ததுப்பா. உங்களுக்கு முன்னாடி வந்தது நான்.”

“அதான் அடிச்சேன். நீ ஆட்டைப் பாத்தியோ, இல்லையோன்னு.”

ஸ்ம்ருதி ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை வழிய, கார் ஜன்னலுக்குள் தெரிந்த அப்பாவின் முகத்தையே பார்த்தாள். சௌரிராஜன் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, காலையிலிருந்து முதல் கியரிலேயே ஊர்ந்து வந்த களைப்போடு உட்கார்ந்திருந்தார். ஆபத்துக்குப் போடும் விளக்குகள் நான்கும் மினுக் மினுக்கென்று எரிந்தன. பின் சீட்டில் புளியோதரை, தத்தியோன்னம் என்கிற தயிர்சாதம், கூஜாவில் தீர்த்தம், முதலுதவிப் பெட்டி, அப்புறம் ஒரு ஜமுக்காளம். ஜமுக்காளம் எதற்கென்று காலையில் கேட்டதற்கு, “எங்கயாவது படுக்க வைக்கும்படி ஆயிடுத்துன்னா?” என்றிருந்தாள் அம்மா குமுதவல்லி.

ஆடுகளுக்குச் சொந்தக்காரியான அமிர்தம் தழை பறிக்கும் தொரட்டிக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏங்க, பாப்பா சைக்கிள்ல போவுது, நீங்க கார்ல போறீங்க. ஏத்திக்கிட்டுப் போனா என்ன? வீட்ல சண்டையா?”

“சண்டை எல்லாம் இல்லம்மா. பாதுகாப்பு” என்றார் சௌரிராஜன்.

“யாருகிட்டேருந்து? என் ஆட்டுக்கிட்டேருந்தா?”

ஸ்ம்ருதிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெடலை மிதித்தாள். பின்னால் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

போன வருஷம் ஒரு மினிபஸ் அவளை உரசித் தள்ளியதில் காறை எலும்பு முறிந்து, புத்தூரில் ஆஸ்பத்திரிவாசம் இருந்தாள். சௌரிராஜனுக்கு மன்னார்புரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். நசுங்கிய வண்டிகளின் போட்டோக்களைப் பார்ப்பதே அவருக்கு உத்தியோகம். அவருக்குப் பெண்ணின் சைக்கிள் என்றால் அதுவும் நசுங்கக் காத்திருக்கும் ஒரு போட்டோதான். கெஞ்சி, பேசாமல் இருந்து, மறுபடி கெஞ்சி ஒருவழியாக ஒப்பந்தம் ஆயிற்று. வண்டி நடமாட்டமே இல்லாத பாதை ஒன்றை அவள் கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை அவர் கூட வருவார். எந்த விபரீதமும் இல்லாமல் போய்த் திரும்பினால் அதற்கப்புறம் அவள் இஷ்டம், தனியாகவே போகலாம். ஏதாவது ஆனால் சைக்கிள் பெரியப்பா பிள்ளை பிரஹலாதுக்கு. அவன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து சீட் உயரத்தைச் சரிபார்த்துவிட்டுப் போயிருந்தான்.

வாரக்கணக்கில் செயற்கைக்கோள் படங்களைத் துழாவி இந்தப் பாதையைக் கண்டுபிடித்தாள். பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே, ஒரு சிற்றாற்றைத் தொட்டும் விட்டும் போகும் செம்மண் கிராவல் ரோடு. பஸ் கிடையாது, லாரி கிடையாது. மேட்டில் ஏறி, புளியமரங்களுக்குள் நுழைந்து, சடாரென்று ஆற்றங்கரைக்கு இறங்கும். மேலே கடைசி வளைவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்று அவள் கணக்கு. ஸ்ரீரங்கத்திலிருந்து காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன் கிளம்பினார்கள். துறையூர் தாண்டி அடிவாரத்தில் இறக்கிய சைக்கிளில் ஏறும்போதுகூட, “கூட வருவேன்” என்று அப்பா சொன்னதற்கு இதுதான் பொருள் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

வண்டியே வராத சாலையில் இப்போது ஒரே ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பத்தடி பின்னால்.

கிராவலில் டயர் உருளும்போது யாரோ பொரி மெல்லுவது போல ஒரு சத்தம் வருமாம். அதைக் கேட்கத்தான் இத்தனை பாடு. கேட்டது டீசல் இன்ஜின். மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேல் நீலமாகப் பாய்ந்தது, ஹாரன் அடித்தது, மீன்கொத்தி போய்விட்டது. “பள்ளம்!” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. அவள் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் மனிதர்கள் பாட்டுக்கு ஆற்றோரமாகப் புறப்பட்டுப் போய்விடுவார்கள். எந்த நாட்டு நாவலிலும், யாரும் தத்தியோன்னம் கட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் வந்ததில்லை.

ஆறு பாதையைக் குறுக்கே வெட்டிய இடத்தில் தரைப்பாலம் பாதி உடைந்து கிடந்தது. கணுக்கால் தண்ணீர், அடியில் கூழாங்கல். ஸ்ம்ருதி கியரைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தடதடவென்று அக்கரை ஏறிவிட்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. திரும்பி இரு கைகளையும் ஆட்டினாள்.

“அப்பா! இதுக்கு மேல கார் வராது. அங்கேயே இருங்கோ!”

“வரும், வரும். நீ தள்ளிக்கோ.”

“வராதுப்பா! சொன்னா கேளுங்கோ!”

வந்தது. பாதி ஆறு வரை வந்தது. பிறகு முன் சக்கரங்கள் கூழாங்கல்லை வாரி இறைத்துவிட்டு உள்ளே இறங்கின. சௌரிராஜன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, பூஜைக்கு உட்காருபவர் போல கார் பதவிசாக உட்கார்ந்தது. இன்ஜின் அணைந்தது. நான்கு விளக்குகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினார். கல் அண்டை கொடுத்தார்கள். தள்ளினார்கள். ஜமுக்காளத்தைச் சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். அதையும் ஆறு வாங்கிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. ஆடுகளோடு வந்து சேர்ந்த அமிர்தம் கரையில் குந்தி, ரசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“மேல ஊர்ல ஜெயக்குமாருகிட்ட டிராக்டர் இருக்குங்க. யாராச்சும் போய்ச் சொன்னா வந்து இழுத்துருவாப்ல. நான் ஆட்டை விட்டுட்டுப் போவ முடியாது.”

மேல ஊர் கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம். ஸ்ம்ருதி சைக்கிளைத் திருப்பினாள்.

“நில்லு” என்றார் சௌரிராஜன். “நானும் நடந்து வரேன்.”

“மலையில? இந்த முட்டியோடயா?”

“அப்போ ரெண்டு பேரும் இங்கயே இருப்போம். எந்த வண்டியாவது வராமலா போயிடும்?”

“வராதுப்பா!” அவள் கத்தியதில் இரண்டு ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. “எந்த வண்டியும் வராதுன்னுதானே இந்த ரோட்டுக்கே ஒத்துண்டேள்!”

அவர் இன்ஷூரன்ஸ்காரரின் குரலில், “ஏதாவது ஆச்சுன்னா சைக்கிள் கிடையாதுன்னு பேசியிருக்கோம். ஞாபகம் இருக்கோன்னோ?” என்றார்.

“இருக்கு. யாருக்கு ஆச்சு? எனக்கா, உங்க காருக்கா? வேணும்னா காரைப் பிரஹலாதுக்குக் குடுத்துடுங்கோ.”

அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சௌரிராஜன் சிரிக்கவில்லை. வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட, கரையேறி அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“தண்ணி பாட்டில் ரொம்பிருக்கா?”

“ரொம்பிருக்கு.”

“ஒரு வாய் தத்தியோன்னம் சாப்பிட்டுட்டுப் போ.”

“வந்து சாப்பிடறேன்.”

“எறக்கத்துல ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி.”

“சரி.”

“மேல போனதும் சிக்னல் வரும். அம்மாகிட்ட கார் விஷயம் சொல்லாதே.”

“சொல்லலை.”

“அந்த ஜெயக்குமார் எப்படிப்பட்ட ஆள்னு…”

“நல்ல புள்ளைதாங்க” என்றாள் அமிர்தம்.

பாதை மேலே சிவப்பாக வளைந்து புளியமரங்களுக்குள் போயிற்று. ஆற்றுச் சத்தம் தவிர எந்தச் சத்தமும் இல்லை. ஸ்ம்ருதி ஹெல்மெட் வாரை இழுத்துவிட்டு, வலது காலைப் பெடலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். சைக்கிள் நகரவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். பின் சக்கரம் கிராவலைக் கறகறவென்று சுரண்டியது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கை சீட்டுக்கு அடியில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

ஸ்ம்ருதி பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றினாள்.

“சீட்டை விடுங்கோப்பா” என்றாள்.