பெல்ட்டுக்குச் சட்டை

கணவரின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த ரப்பர் கரியை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்ற விரல்களெல்லாம் வெளுத்துவிட்டன. கட்டைவிரல் மட்டும் மசியவில்லை.

“விடுங்க அண்ணி. போற இடத்துல யாரு கையை நீட்டச் சொல்லிப் பாக்கப் போறாங்க?” என்றாள் நாத்தனார்.

“இந்தக் கையோடதான் சாப்பிட உக்காருவாரு உன் அண்ணன். கழுவிட்டு வாங்கன்னு தினம் ஒரு சண்டை. இன்னிக்காவது எதிர்த்துப் பேசாம காட்டுறாரே.”

நாத்தனார் சிரிக்கப் போய் அழுதாள்.

காலையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் வழக்கம்போல்தான் உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு நிலையத்தில் ஓட்டையென்று கழித்துப் போட்ட கித்தான் குழாயை முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கத்தில் பழைய லாரி டியூபின் ரப்பரை வைத்துக் கோணூசியால் தைப்பார். இரண்டு பக்கமும் சேர்ந்து தைபடாமலிருக்கக் குழாய்க்குள் ஒரு மரச்சட்டத்தைச் செருகிக்கொள்வார். லாரியில் சரக்கைக் கட்டும் பெல்ட்டை இதற்குள் நுழைத்து, இரும்போ கல்லோ விளிம்பு படுகிற இடத்துக்கு நகர்த்திவிட்டால் பெல்ட் அறுபடாது. அவர் அதற்கு வைத்த பெயர் சட்டை.

“போட்டுக்கிறானா?” என்று மகனைப் பற்றித் தலை நிமிராமல் கேட்டார்.

“போட்டுக்கிறான், போட்டுக்கிறான். நான்தான் பாத்தேனே.”

“மூக்கை விட்டுட்டுச் சொல்லு.”

பொய் சொன்னால் அவள் கை தானாக மூக்கைத் தேய்க்கப் போய்விடும். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“அரிக்குது, தேய்க்கிறேன். டீ வேணுமா வேணாமா?”

“கொண்டா. பொய்க்காரி போட்ட டீதான் நல்லாருக்கும்.”

டீயோடு வந்தபோது பலகைமேல் தலை சாய்ந்திருந்தது. ஊசி நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது.

மகனைப் பற்றி அவர் காதில் கடைசியாக விழுந்தது அந்தப் பொய்தான். அதுவும் அவர் நம்பாத பொய். துணியை மடித்து மடித்துத் துடைக்கையில் அவளுக்கு அதுதான் உறுத்தியது.

போன வருஷம் மகன் லாரியில் இரும்புத் தகடு ஏற்றிப் போனபோது பெல்ட் அறுந்து பாதிச் சரக்கு நடுரோட்டில் சரிந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் லாரி நிறுத்தத்தில், நாலு டிரைவர்கள் முன்னால், “செருப்புக்கு வார் மாட்டத் தெரியுமாடா உனக்கு?” என்று அவர் கேட்டுவிட்டார். “உங்க குப்பையை என் வண்டியில ஏத்தாதீங்க” என்று மகனும் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு அவள் வழியாகத்தான். அவர் சட்டை தைத்து லாரியின் படியில் வைப்பார். காலையில் அது இருக்காது. எங்கே தூக்கி எறிகிறான் என்று அவள் கேட்டதில்லை. மகன் வீடு திரும்பும்போது பெல்ட்டுகள் வெறுமனே சுருண்டு கிடக்கும்.

வாசலில் லாரி வந்து நின்றது. தச்சரும் மகனுமாகச் சவப்பெட்டியை இறக்கினார்கள்.

“வேன் ஒண்ணு சொல்லிடட்டுமாம்மா?”

“எதுக்கு? இத்தனை வருஷம் அந்த லாரியில முன்னாடி உக்காந்தாரு. இன்னிக்கு ஒரு நாள் பின்னாடி வரட்டும்.”

அவரைக் கிடத்தி, மூடி, மேலே ஏற்றினார்கள். மகன் பெல்ட்டை எடுத்துப் பெட்டிமேல் வீசினான். ஸ்டூல் போட்டு அவளும் ஏறினாள்.

“வெறும் பெல்ட்டு விளிம்புல படுதுடா. பெட்டியில கீறல் விழும்.”

“மெதுவாத்தான் இறுக்குவேன்.”

“இரு.”

இறங்கிக் கொட்டகைக்குப் போய்க் காலையில் அவர் தைத்துக்கொண்டிருந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். வாங்குவானோ மாட்டானோ என்று அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். பெல்ட்டின் நுனியை உள்ளே விட்டான். போகவில்லை. கட்டைவிரலை விட்டு நெம்பிப் பார்த்தான்.

“ரெண்டு பக்கமும் சேத்துத் தைச்சிருக்காரும்மா.”

“அவரா?”

“சட்டத்தை உள்ள வைக்காம தைச்சிருக்காரு.”

தச்சர் லாரிக்குக் கீழே நின்று தொண்டையைச் செருமினார்.

மகன் அந்தச் சட்டையைக் கீழே போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினான். டிரைவர் சீட்டைத் தூக்கி, ஒரு சாக்கை எடுத்துவந்து அவள் காலடியில் கொட்டினான். எல்லாம் சட்டைகள். கிரீஸும் தூசியும் ஏறியவை. ரப்பரில் குறுக்கே ஆழமான வெட்டுகள். ஒன்றில் ரப்பர் முழுக்க அறுந்து உள்ளேயிருந்த கித்தான் தெரிந்தது.

“என்னடா இது?”

“போட்டுத்தான் கட்டுறேன். நம்ம தெருவுக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி கழட்டிடுவேன்.”

“ஏன்?”

“பாத்தா சிரிப்பாரு.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாருடா.”

அவன் குனிந்து, இருந்ததில் தேயாத இரண்டைத் தேடி எடுத்தான். பெல்ட் அவற்றுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பெட்டியின் இரண்டு விளிம்பிலும் ஒவ்வொன்றை நகர்த்தி வைத்து, ரப்பர் பக்கம் கீழே இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, பெல்ட்டை இறுக்கும் ராச்செட்டை இழுத்தான். அது கடகடவென்று இறுகியது. வார்னிஷ் அப்படியே இருந்தது.

“ஆடுதான்னு பாரும்மா.”

பெட்டியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பிடித்த கையை எடுக்காமல் தலைமாட்டுப் பக்கம் குனிந்து, “போட்டுக்கிறான்” என்றாள்.

கீழேயிருந்து நாத்தனார் கேட்டாள். “என்ன அண்ணி சொன்னீங்க?”

“நானா? ஒண்ணும் சொல்லலையே” என்றாள். கை மூக்குக்குப் போயிருந்தது.