ஒரே பிளக்கில் இரண்டு ராட்சதர்கள்

இரண்டு சிப் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் தங்கள் ராட்சத பிராசசரை இறக்கிவிட்டதில், அந்தக் கம்ப்யூட்டர் கடையில் மூன்று நாளாக வேலையே ஓடவில்லை. கடைக்காரியின் கணவர் ஒரு கட்சி. அவள் தம்பி எதிர்க்கட்சி.

"மாமா, உங்க சிப்பு கரண்டை மொடக்கு மொடக்குனு குடிக்குது."

"உன்னோடது மட்டும் காத்தைக் குடிச்சா ஓடுது மாப்ளே?"

கடைசியில் பந்தயம் வைத்தார்கள். கஸ்டமர் கொடுத்திருந்த நீளமான வீடியோவை எந்த மெஷின் முதலில் வேறு ஃபார்மட்டுக்கு மாற்றி முடிக்கிறதோ அதற்கே ஜெயம். நியாயம் பிசகக் கூடாதென்று தம்பி இரண்டையும் ஒரே பிளக்கில் செருகினான். ஃபேன்கள் இரைந்தன, கடை அடுப்பங்கரை போலக் கொதித்தது. ஈரத் துணியைக் கொண்டுவந்து இங்கேயே காயப்போடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தொண்ணூறு சதவீதத்தில் லோடு தாங்காமல் டப்பென்று மெயின் சுவிட்ச் விழுந்தது. இரண்டு மெஷினும் அணைந்தன.

"உன்னாலதான்."

"உங்களாலதான் மாமா."

ஃபேன் இரைச்சல் நின்றிருந்ததில் அவள் மேஜையிலிருந்து 'டிங்' என்று சத்தம் கேட்டது. எண்டர் பட்டன் உதிர்ந்துபோன அவளுடைய பழைய லேப்டாப், பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் திரும்பினார்கள்.

"அதே வீடியோதான், காலையிலயே போட்டு விட்டேன், முடிஞ்சிருச்சு," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உங்க பஞ்சாயத்து முடியட்டும்னு கஸ்டமர் காத்திருப்பாரா?"