இரண்டாவதாக ஏறுகிறவள்

என் கணவன் சதீஷ் டெங்குவில்தான் செத்தான். பெஹாலாவில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்து ஆஸ்பத்திரியில், ஐந்தே நாளில். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "பாறையில ஏறாதேன்னு எத்தனை தடவை சொன்னோம்" என்றுதான் ஆரம்பித்தார்கள். கொசுவைத் திட்ட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் முடிவதற்குள், வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவன் செருப்பு போயிற்று. ஜன்னலோரம் அவன் இழுத்துப் போட்டிருந்த நாற்காலி உள்ளே போயிற்று. பாதி படித்துக் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தை யாரோ மூடி அலமாரியில் அடுக்கினார்கள். அவன் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது புருலியாவில், ஒரு கருங்கல் பாறையின் வெடிப்புக்குள் இருந்தது.

எங்கள் பாறையேறும் கிளப் புதியவர்களைக் கூட்டிப்போகும் பாறை. அதில் நாங்கள் ஏறும் பாதைக்கு 'ஹாதேகொடி' என்று பெயர் வைத்திருந்தோம். வங்காளிகள் குழந்தைக்கு முதல் எழுத்து எழுதப் பழக்கும் சடங்கின் பெயர். நல்ல சரிவு, நெடுக ஒரே வெடிப்பு, கால் வழுக்காத சொரசொரப்பு. ஆணி அடிக்கமாட்டோம். முன்னால் ஏறுகிறவர் கம்பி வளையம் கோத்த சின்ன உலோகத் துண்டுகளை வெடிப்பில் செருகி, கயிற்றை அதில் மாட்டிக்கொண்டே போவார். நட் என்போம். இரண்டாவதாக ஏறுகிறவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும். பாறையில் எதையும் விட்டு வரக்கூடாது.

பத்து வருடமாக அவன் முன்னால், நான் இரண்டாவது. நாங்கள் கடைசியாகப் போன ஜனவரியில், பாதி உயரத்தில் ஒரு நட் மட்டும் வரமாட்டேன் என்றது. ரயில்வே சிக்னல் ஒர்க்ஷாப்காரன் அவன். அடையாளத்துக்குத் தன் சாமான் எல்லாவற்றிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பான். அரை மணி நேரம் அந்தச் சிவப்போடு மல்லுக்கட்டினேன்.

"விடு பூர்ணி. அடுத்த குளிருக்கு வந்து எடுத்துக்கலாம். எங்க போயிடப் போகுது?" என்று மேலிருந்து சிரித்தான்.

நட் எங்கும் போகவில்லை.

அவன் போனபிறகு, "அதை நான்தான் எடுப்பேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாத்தனார் தீப்தி, கிடர்பூரில் பேங்க் வேலை, "நானும் வரேன் அண்ணி" என்றாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏறப் பழகினாள். அடுத்த ஜனவரியில் சாந்த்ராகாச்சியிலிருந்து புருலியாவுக்கு ரயிலேறினோம்.

முதல்முறையாக நான் முன்னால் ஏறினேன். பாதி உயரத்தில் அது இருந்தது. டேப் வெளுத்திருந்தது. விரலால் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. எவ்வளவு அழுத்தமாக வைத்திருக்கிறான், பாவி! அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் அதை எடுக்க வரவில்லை. அது இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறேன். கயிற்றை அதில் மாட்டிவிட்டு மேலே போனேன். அதைத் தொடாதே என்று தீப்தியிடம் சொல்லியிருக்கலாம். என்னாலேயே முடியாததை மூன்று வாரக்காரி என்ன செய்துவிடப்போகிறாள் என்ற திமிர்.

உச்சியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளை வரச் சொன்னேன். பாதி வரை மளமளவென்று வந்த கயிறு நின்றுவிட்டது. பாறை புடைத்திருந்ததால் அவள் தெரியவில்லை. டொக் டொக்கென்று கல்லால் தட்டும் சத்தம் கேட்டது.

"தீப்தி, அதை விட்டுட்டு வா!"

"ஒரு நிமிஷம் அண்ணி, ஆடுது!"

"வேணாம்டி, விடு!"

கஷ்டப்படாதே என்று சொல்வதாகத்தான் நினைத்திருப்பாள். அவன் விடச் சொன்னபோது நான் மட்டும் உடனே விட்டேனா? இறங்கி ஓடவும் முடியாது. அவள் உயிர் என் கையிலிருந்த கயிற்றில்.

சத்தம் நின்றது. கயிறு நகர்ந்தது.

மேலே வந்தவளின் விரல் முட்டியெல்லாம் ரத்தம். சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்தாள். "எடுத்துட்டேன் அண்ணி! உங்களுக்காக!" அடுத்த நொடி முகம் உடைந்து அழ ஆரம்பித்தாள். "அண்ணாவோடது. அங்க தனியா எப்படி விட்டுட்டு வர்றது?"

அவளை என்ன சொல்வேன்? அவளுக்கும் அவன்தானே போனான். "நல்லா பண்ணின" என்றேன். சட்டப்படி சரியாகத்தான் செய்திருந்தாள்.

அவளை முதலில் இறக்கிவிட்டு, நான் கயிற்றில் இறங்கும்போது அந்த இடத்தில் நின்றேன். நட்டை மறுபடி வெடிப்பில் செருகினேன். அழகாக உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. ஆனால் இது நான் வைத்தது. ஒற்றை விரலால் மேல்பக்கம் தள்ளியதும் கையோடு வந்துவிட்டது.

"என்ன அண்ணி, ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கீழிருந்து கேட்டாள் தீப்தி.

"இல்ல," என்றேன். "எல்லாத்தையும் எடுத்தாச்சு."