நாலு மாடி, ஒரு டம்ளர் தண்ணீர்

சபையின் இளைஞர் குழுவுக்கு வருடத் திட்டம் போடுகிற வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், அன்றைய கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனதுதான். நேரத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். வராதவள் பெயரை எழுதிக்கொண்டு ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பழைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு நிகழ்ச்சி. பாட்டுப் போட்டி, வேத வினாடி வினா, ஜூன் மாதம் மரக்கன்று நடுதல். வருடா வருடம் அதே மைதானத்தில், அதே குழியில். "அக்கா, அந்தக் குழிய எனக்கு அஞ்சு வருஷமா தெரியும்," என்றான் ஒட்டகம். கதவுகளில் குனிந்து நுழைகிற உயரம், அதனால் அந்தப் பெயர். இருபது பேர் இருந்த குழு ஒன்பதாகக் கரைந்திருந்ததில் ஆச்சரியமே இல்லை. போதகர் மட்டும் விடாமல், "ஏதாவது அர்த்தமுள்ளதா செய்யணும்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது என்னவென்று கேட்டால் புன்னகை செய்வார்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. லாரி வருவதற்கு முன் நான் போய்க் கதவு, படி, திருப்பம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, பீரோவுக்கு எத்தனை ஆள், ஃபிரிட்ஜைக் கட்டித் தூக்க எத்தனை பட்டை என்று எழுதிக் கொடுப்பேன். பத்து வருடத்தில் ஒரு சாமானில்கூடக் கீறல் விழுந்ததில்லை. இந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். என்னை மாட்டிவிட்டதும் அதுதான்.

முதல் மாத நிகழ்ச்சி, வெளியே வர முடியாத உறுப்பினர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது. பட்டியலில் முதல் பெயர் கேண்டீன் அம்மா. ஆஸ்பத்திரி கேண்டீனை இருபது வருடம் நடத்தியவர். ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து, வாக்கர் பிடித்து வீட்டுக்குள் மட்டும் நடப்பார். குடியிருப்பது நாலாவது மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகிப் பதிமூன்று மாதம். உதிரிபாகம் வந்துகொண்டே இருக்கிறதாம்.

வெறுங்கையோடு போய்ப் பாடினால் நன்றாக இருக்காதே. கீபோர்டு, அதன் ஸ்டாண்டு, இரண்டு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எடுத்துப்போக ஏற்பாடு செய்தேன். படிக்கட்டை அளந்தேன். கம்பெனிப் பட்டைகளைக் கொண்டுவந்தேன். விசில் என்று நாங்கள் கூப்பிடும் பெண் முன்னால் நின்று படி எண்ணினாள். விரலை மடக்கி அவள் அடிக்கிற விசிலுக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். எழுபத்திரண்டு படி. ஸ்பீக்கர் எங்கும் இடிக்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று பாட்டுப் பாடினோம். கேண்டீன் அம்மா சோபாவில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், பிள்ளைகள் பட்டையை மாட்டி ஸ்பீக்கரைத் தூக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எவ்ளோ எடை இருக்கும்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"எல்லாம் சேர்ந்து எழுபது கிலோ வரும்மா," என்றேன் நான், பெருமையாக.

"நான் அறுபத்தெட்டு," என்றார்.

கீபோர்டைப் பிடித்திருந்த ஒட்டகம் அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"குறை சொல்லல. நல்லாத்தான் பாடுனீங்க," என்றார் அவர். "ஆனா பெட்டிய நாலு மாடி ஏத்திட்டு வந்து எனக்குப் பாட்டுக் காட்டுறீங்க. என்னக் கீழ கொண்டுபோய்த் தெருவக் காட்டணும்னு ஒருத்தருக்கும் தோணலையே. அங்க பாருங்க." கதவோரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் மகன் வாங்கிக் கொடுத்ததாம். அடிப்பாகத்தில் விலைச் சீட்டுக்கூடக் கிழியவில்லை. "அத வாங்குன நாள்லேருந்து மாட்டல. வீட்டுக்குள்ள எதுக்குச் செருப்பு?"

எனக்கு மானமே போயிற்று. பத்து வருடமாகப் படிக்கட்டையே பிழைப்பாக வைத்திருப்பவள், அந்தப் படியை அங்குலம் அங்குலமாக அளந்தவள், அவரை ஒரு பார்வையாளராக மட்டும் நினைத்திருக்கிறேன். தெருவுக்கு வந்ததும் விசில்தான் கேட்டாள். "அக்கா, முடியும்ல?"

"முடியும்," என்றேன். நோட்டில் மீதிப் பதினோரு மாதத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

உடனே போய்த் தூக்கிவிடவில்லை. பீரோ விழுந்தால் பீரோதான் உடையும். கனமான கைப்பிடி நாற்காலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இடுப்புக்கும் மார்புக்கும் பட்டை தைத்தோம். நாலு பேர் தூக்க, ஒருத்தி படி எண்ண, ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் மாற்ற என்று பழக்கினேன். முதலில் அரிசி மூட்டை. பிறகு ஆள். அதற்கு நான் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: நாற்காலியில் இருப்பவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீர், விளிம்புக்கு ஒரு விரல் குறைய. ஒரு சொட்டுச் சிந்தினாலும் முதல் படியிலிருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.

ஆலயத்துப் படிக்கட்டில் பயிற்சிக்கு உட்கார ஆள் கேட்டபோது போதகரே முன்வந்தார். அன்று மட்டும் அவருக்கு மூன்று தடவை ஞானஸ்நானம் ஆயிற்று. நாலாவது தடவை சட்டை நனையாமல் இறங்கியதும் அவர், "இப்பத்தான் அர்த்தம் வருது," என்றார். ஒரு மாதம் இதே வேலை. கேண்டீன் அம்மாவின் டாக்டரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். அடுத்த சனிக்கிழமை போனோம்.

அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விசில் எண்ணினாள். எழுபத்திரண்டாவது படியில் நாற்காலி தரையைத் தொட்டது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் அந்தத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குனிந்து செருப்பை மாட்டி, நாங்கள் கூடவே கொண்டுவந்த வாக்கரைப் பிடித்து எழுந்து, தெருவில் நின்றார். சைக்கிள் கடைக்காரர் கடையை விட்டு ஓடிவந்தார். "எங்க போயிட்டீங்க இவ்ளோ நாளா!" என்று அவர் கத்த, "மேலதான்டா இருந்தேன், தலையத் தூக்கிப் பார்த்தியா நீ?" என்று அம்மா திட்ட, ஒட்டகம் சுவர் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். நானும் அழுதேன். ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதுதான். மூன்றாவது மாடி முடிதிருத்துபவர், பக்கத்துக் கட்டடத்து ரேடியோ மெக்கானிக் என்று பட்டியலில் இருந்த இன்னும் இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். ஒன்பதாக இருந்த குழு இருபத்திமூன்றாகவும், ஒரு நாற்காலி மூன்றாகவும் ஆனது. தூக்குவதற்கு முறை வைத்து, முறை வராதவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

அப்போதுதான் சபைச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். எதைப் பார்த்தாலும் அது எப்படி விழும் என்றே யோசிப்பார். கெட்டவர் இல்லை. எங்கள் பட்டைகளை இழுத்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "பழையபடி பாட்டும் பழமும் கொண்டு போங்கம்மா. பொதுக்கூட்டத்துல தீர்மானம் கொண்டு வர்றேன். சின்னப் பசங்க தூக்குற வேலை வேணாம்," என்றார்.

தீர்மானம் நிறைவேறினால் கதை முடிந்தது. எங்கள் சபையில் கூட்டத்துக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்கள் கை தூக்குவதுதான் ஓட்டு. என் குழுப் பிள்ளைகளுக்கு ஓட்டுப் போடுகிற வயது இல்லை. கூட்டம் நடப்பதோ சபை அலுவலகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். நாங்கள் யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களால் ஏற முடியாத இடம். அவர்களைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பிள்ளைகள் குதித்தார்கள். நான் கண்டிப்பாக மறுத்தேன். "ஓட்டுக்காகத்தான் தூக்குனாங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, செஞ்சதெல்லாம் வீண்."

கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி கேண்டீன் அம்மா போன் செய்தார். "நாளைக்கு என்னத் தூக்கணும்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. எங்க போகணும்?"

"கூட்டத்துக்கு. நான் உறுப்பினர்தானே? நீ கூப்பிட்டா தப்பு. நான் கேக்கறேன், கொண்டுபோக மாட்டேன்னு சொல்லிடுவியா?"

என்ன சொல்ல முடியும்? ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கூட்டத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நான் மேலே இருந்தாக வேண்டும். முதல் முறையாகப் பிள்ளைகள் நான் இல்லாமல் தூக்கப் போகிறார்கள். அதுவும் ஏற்றம். இறக்கத்தைவிட ஏற்றம் கடினம். கால் ஒன்று பிசகினால் செயலாளர் பேசவே தேவையில்லை.

ஞாயிறன்று கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். செயலாளர் எழுந்து நிதானமாகப் பேசினார். நியாயமாகவே பேசினார். "ஆர்வம் இருக்கு, ஒத்துக்கறேன். ஒரு கால் வழுக்கினா? பட்டை அறுந்தா? யார் பொறுப்பு?" வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின. பக்கத்தில் இருந்த என் அத்தைகூட ஆட்டினார். நான் எழுந்து, அளவு, பயிற்சி, டாக்டர் கடிதம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கும் காதில் ஏறவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

செயலாளர் மறுபடி பேச ஆரம்பித்த நேரத்தில் கீழே ஒரு விசில் கேட்டது.

"ஒண்ணு," என்றது ஒரு பெண் குரல். "ரெண்டு. மூணு."

செயலாளர் பேச்சை நிறுத்தினார். அறுபது பேரும் கதவைப் பார்த்தார்கள். மொத்தம் முப்பத்தாறு படி, எனக்குத் தெரியும். எட்டாவது படி ஒரு அரை அங்குலம் உயரம் அதிகம், அதுவும் தெரியும். ஏழு. எட்டு. என் விரல்கள் பெஞ்சைப் பிடித்து நசுக்கின. ஒன்பது.

பதினெட்டில் எண்ணிக்கை நின்றது. திருப்பத்தில் ஆள் மாறுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு நேரம்! ஏதோ தரையில் உரசியது. யாரோ கிசுகிசுத்தார்கள். ஓடிப்போய்ப் பிடிக்க என் கால் துடித்தது. போகவில்லை. நான் போனால் அவர்களை நானே நம்பவில்லை என்று ஆகிவிடும்.

"பத்தொம்போது," என்றாள் விசில்.

அதன்பின் கூடத்திலும் உதடுகள் அசைய ஆரம்பித்தன. இருபத்தஞ்சில் பின்வரிசை சத்தமாகவே எண்ணியது. முப்பதில் அத்தையும் சேர்ந்துகொண்டார். முப்பத்தாறு என்று கூடமே சொன்னபோது, கதவில் முதலில் நாற்காலியின் முதுகும் ஒரு கொண்டையும் தெரிந்தன. ஒட்டகம் நிலைப்படிக்குக் குனிந்தான். நாற்காலியைத் தரையில் வைத்துத் திருப்பினார்கள். செருப்புப் போட்ட காலோடு, கையில் டம்ளரோடு, கேண்டீன் அம்மா. தண்ணீர் ஒரு விரல் குறைய, வைத்தது வைத்தபடி இருந்தது. பின்னாலேயே முடிதிருத்துபவரையும் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு வரும் அடுத்த குழுக்களின் எண்ணிக்கை கேட்டது.

கேண்டீன் அம்மா டம்ளரைச் செயலாளரிடம் நீட்டினார். "குடிங்க சார். இவ்ளோ நேரம் பேசியிருக்கீங்க, தொண்டை வறண்டிருக்கும்."

செயலாளர் டம்ளரைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார்.

"யார் பொறுப்புன்னு நீங்க கேட்டது கீழ வரைக்கும் காதுல விழுந்துச்சு, நல்ல கேள்வி," என்றார் அம்மா. "விழுந்தா நான் பொறுப்பு, எழுதித் தர்றேன். நானும் ஒண்ணு கேக்கறேன். பதினாலு மாசம் நான் மேலயே கிடந்தேனே, அதுக்கு யார் சார் பொறுப்பு?"

போதகர் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். வெளியே வர முடியாதவர்களின் பட்டியல் பதினாலு மாதமும் எங்கள் சபை அலுவலகச் சுவரில்தான் தொங்கியது.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தீர்மானத்த வாபஸ் வாங்கறேன்," என்றார்.

"அதெல்லாம் முடியாது," என்றார் அம்மா. "நான் ஓட்டுப் போடத்தான் வந்தேன். கை தூக்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓட்டு வைங்க!"

கூடம் வெடித்துச் சிரித்தது. இந்த வேலை தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் போதகர். முதலில் போனது அம்மாவின் கை. அடுத்தது முடிதிருத்துபவர், மெக்கானிக், அத்தை, அப்புறம் எண்ண முடியவில்லை. தூக்கி வந்து சிவந்துபோன கைகளை என் பிள்ளைகளும் தூக்கினார்கள். "உங்களுக்கு ஓட்டு இல்ல," என்று செயலாளர் அவர்களைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போது அவர் கையும் மேலேதான் இருந்தது.

கிளம்பும்போது செயலாளர் கூஜாவிலிருந்து டம்ளரை நிரப்பினார். ஒரு விரல் குறைய அல்ல, விளிம்பு வரை, இனி ஒரு சொட்டுக்கு இடமில்லாமல். அதை அம்மாவின் கையில் கொடுத்தார். ஒட்டகம் என்னைப் பார்த்தான்.

"என்ன ஏன்டா பார்க்கறே?" என்றேன். "தூக்கு."

தூக்கினார்கள். விசில் வாயைத் திறப்பதற்குள், செயலாளர் அவளைத் தாண்டிப் போய் நாற்காலிக்கு முன்னால் நின்று, டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல், படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிப் பின்னோக்கி இறங்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு!" என்று கட்டடம் அதிரக் கத்தினார். "ரெண்டு! மூணு!"

முப்பத்தாறாவது படியில் கேண்டீன் அம்மா டம்ளரை எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டினார். அது நிறைந்தே இருந்தது.