ஏழாவது தையல்

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் கல்யாண பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த றஜீனாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கௌரவமான வேலை அகப்பட்டது. பழைய தேவாலயத் துணிகளைப் பாதுகாக்கும் பட்டறையில் மூன்று மாதத் தவணை. மேலதிகாரி ஷெறோன் திருப்திப்பட்டால் நிரந்தரம். ஹரோவில் பிறந்த அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு றஜீனாவின் மகளின் வயதுதான் இருக்கும்.

அங்கே சட்டம் ஒன்றுதான்: இருப்பதைக் காப்பாற்று, போனதைத் தொடாதே. சொல்வது சுலபம். மேசையில் கிடந்ததோ எழுநூறு வருடங்களுக்கு முன் ஆங்கிலேயப் பெண்கள் பட்டிலும் பொன்னிழையிலும் தைத்த மாதா, குருவானவரின் பூசை உடுப்பில். வலது கண்ணில், ஓரத்து ஒற்றைத் தையல் தவிர, பட்டு தேய்ந்து வெறும் துணி தெரிந்தது. மாதாவை ஒற்றைக் கண்ணோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் செபமாலை சொல்ல எந்த மன்னார்க்காரிக்கு மனம் வரும்? மூன்று கிழமை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாலாம் கிழமை, எல்லாரும் சாப்பிடப் போன நேரம், பட்டு நூலை ஒற்றை இழையாகப் பிரித்து ஏழு தையல் போட்டாள். பழைய ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. ஊசி தானாகப் போனது.

பாவி, அவ்வளவு நன்றாகத் தைத்திருக்கக் கூடாது.

மறுநாள் பூதக்கண்ணாடியோடு குனிந்த ஷெறோன் துள்ளினாள். "அன்ரி, இந்தக் கண் ஒறிஜினல்! முதல் எடுத்த படத்தில தூசியால தெரியேல்லை போல. றிப்போர்ட்டில போடப்போறன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். ஆனால் பேர் தெரியாத ஒருத்தியின் தலையில் தன் தையலைக் கட்டுவது றஜீனாவுக்குக் களவைவிடக் கேவலமாகப் பட்டது.

"அது நான் தைச்சது, பிள்ளை."

ஷெறோனின் முகம் வெளிறியது. பிறகு சின்னக் கத்தரிக்கோலை நீட்டினாள். "எனக்கு வித்தியாசம் தெரியேல்லை அன்ரி. நீங்களே பிரியுங்கோ."

ஆறு தையல் பிரிந்தது. ஏழாவதில் கை நின்றது. கண்ணோரத்தில் ஒட்டினாற்போல் இரண்டு தையல்கள். ஒன்று தன்னுடையது, மற்றது அந்தப் பழைய காலத்துப் பெண்ணுடையது. தெரிந்தமாதிரி ஒன்றை வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஏலாது ஷெறோன். எது என்ரை எண்டு எனக்கே தெரியேல்லை."

ஷெறோன் கத்தரிக்கோலை வாங்கி வைத்தாள். "அப்ப அது இருக்கட்டும். தவணையை நீட்டுறன், இனி மூண்டு மாசம் ஊசியைத் தொடக்கூடாது. நிரந்தரம் பற்றிப் பிறகு பாப்பம்."

பிறகு கம்பியூட்டரைத் திறந்து றிப்போர்ட்டில் தட்டினாள். வலது கண்ணின் ஓரம், இரண்டு தையல்கள். ஒன்று பெயர் தெரியாதவருடையது. மற்றது றஜீனா பஸ்தியாம்பிள்ளையுடையது. எது எவருடையது என்று சொல்ல முடியாது.

றஜீனா அதை வாசித்த பிறகுதான் அழுதாள்.