அக்கா வீட்டு கேட்டில் திரும்பிய கோடு

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் தரையில் போட்ட சாக்பீஸ் கோடு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளம்பி வெளியே போனது. சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, வேகத்தடை மேல் ஏறி இறங்கி, தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்து, அவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. அவர் ஓங்கிய கை கோட்டுக்கு மேலே வந்ததும் அப்படியே நின்றது. மனுஷன் விடாமல் மூன்று நாள் முயன்று பார்த்தார். தோள்பட்டை பிசகியதுதான் மிச்சம்.

கோட்டைப் போட்டவள், ஆணும் பெண்ணும் சமம், கை நீட்டுவது தப்பு என்று பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளோடு பேசும் பயிற்சியாளர். ஊர் வைத்த பெயர் கோட்டு மிஸ். கோபத்தில் ஒரு அடி அடித்தால் தப்பில்லை என்பது மாதிரி ஏதாவது சொல்வாள். ஆமாம் என்பவர்கள் கோட்டுக்கு இடப்பக்கம், இல்லை என்பவர்கள் வலப்பக்கம் போய் நின்று ஏன் என்று பேச வேண்டும். பேசி முடித்ததும் அடி விழும் வீடு ஒன்றைத் தேடிக் கோடு கிளம்பிவிடும். நகராட்சி ஆசிட் ஊற்றிக் கழுவியது, ஒன்றும் ஆகவில்லை. தலைமையாசிரியர் மெமோ கொடுத்தார். போட்டது நான், போகச் சொன்னது நான் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். அப்படிப் பத்தொன்பது வருஷம், இருநூற்றுப் பதினொரு வீடு.

ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் கோடு போகவில்லை. அவளுடைய சொந்த அக்கா வீடு. கேட் வரை வரும், முகர்ந்து பார்த்த மாதிரி நிற்கும், திரும்பிவிடும். அக்காவின் கன்னத்து வீக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அத்தானை நேரே கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருக்கும். ஆனால் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் வாயைத் திறக்காதே என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். அதனால் அத்தானின் அசட்டு ஜோக்குகளுக்குச் சிரித்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இருபதாவது வருஷம், கோபத்தில் ஒரு அடி தப்பில்லை என்பதற்குப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றபோது இரண்டாவது பெஞ்சுப் பெண் கேட்டாள்: "எப்பவும் ஓரமாவே நிக்கிறீங்களே. நீங்க எந்தப் பக்கம் மிஸ்?"

பயிற்சியாளர் தன் கருத்தைக் காட்டக் கூடாது, காட்டினால் பிள்ளைகள் அதையே ஒப்பிப்பார்கள் என்பது அந்தத் தொழிலின் விதி. என் கருத்து முக்கியமில்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. நடந்து போய் வலப்பக்கத்தில், பன்னிரண்டு பிள்ளைகளோடு பதின்மூன்றாவதாக நின்றாள். மணி அடித்ததும் சாக்பீஸ் தூசி படிந்த கையோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அத்தான், நான் அக்கா பக்கம். இனிமே அவ மேல கை வச்சீங்கன்னா போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளை நானே கூட்டிட்டுப் போவேன். அம்மா கோவிச்சாலும் சரி" என்றாள். உன் பாடத்தைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள் என்று அவர் எழுந்தபோது கோடு கேட்டைத் தாண்டி, செருப்புகளை ஒதுக்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்து, அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் படுத்துவிட்டது. அவர் ஓங்கினார், கை நின்றது. சமையலறை வழியாகச் சுற்றி வந்தார், கோடும் சுற்றி வந்தது. கடைசியில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு வருஷம் கழித்து அந்த ஹாலுக்குப் புது டைல்ஸ் போட்டார்கள். நடுவில் போகும் இந்தக் கோட்டை என்ன செய்வது என்று மேஸ்திரி அத்தானைக் கேட்டார். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா அளவு டேப்பை வாங்கி, தானே குனிந்து அளந்து கொடுத்தாள்.

"அது அங்கதான் இருக்கும். அதை விட்டுட்டு ஒட்டுங்க."